தண்ணீர் படாத இடம்

மூன்றாவது நாசில் நன்றாகவே சுற்றியது. அதுதான் திருமூர்த்திக்குப் பிடிக்கவில்லை. முதல் இரண்டும் கழிசடைகள், திட்டித் தீர்த்துத் தூக்கிப்போட அவருக்கு ஐந்து நிமிஷம் ஆகவில்லை. இது அப்படி இல்லை, பீர் டேங்க்கின் வாய்க்குள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, அரை ஹெச்.பி. மோட்டார் தள்ளுகிற, சலவைச் சோடா கரைத்த தண்ணீரை வாங்கி, தானும் சுற்றிச் சுவரையெல்லாம் அடித்துத் துவைக்கிறது. வெளித்தகட்டில் உள்ளங்கையை வைத்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தட்டு தெரிகிறது, தட், தட், தட், விட்ட இடம் என்று ஒன்றுகூட இல்லை. மணி ஒன்பதரை. பதினோரு மணிக்கு மச்சான் நல்லசிவம் தாராபுரத்திலிருந்து காரில் வந்துவிடுவார். நாசில் தேறிவிட்டால் மனைவி வசந்தாமணி தன் அண்ணனோடு கிளம்பிவிடுவாள், தேறாவிட்டால் இருப்பாள். பேச்சு அப்படித்தான், அதையும் இவரேதான் பேசினார். போன மாசம் மச்சான் வந்து உட்கார்ந்து, காப்பியைக்கூடத் தொடாமல், "அம்மிணிய ஒரு ஆறு மாசம் எங்க வூட்டுல வெச்சிருந்து அனுப்பறனுங்க மாப்ள, கைக்கு வைத்தியம் பாக்கோணும்" என்றபோது, "தாராளமாக் கூட்டிட்டுப் போங்க மச்சான், ஆனா எனக்கு டேங்க் கழுவ ஒரு வழி பண்ணிக் குடுத்துட்டுக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் ஒருத்தர்தான் சிரித்தார். அவளாவது அழுதாளா, சண்டைக்கு வந்தாளா என்றால் அதுவும் இல்லை. "அவுரு சொல்றதும் நாயந்தானுங்கண்ணா, நான் போயிட்டா ஆரு கழுவறது?" என்றாள். நாலாம் நாள் கூரியரில் ஒரு பெட்டி வந்தது, உள்ளே மூன்று நாசில், ஒரு துண்டுச் சீட்டு. 'மூணில் எது ஒத்துவருதோ பாருங்கள் மாப்பிள்ளை. மூணாம் தேதி காலை பதினொண்ணுக்கு வருகிறேன்.' பெட்டி வந்த அன்றைக்கே அவள் நீலப் பையில் துணியை அடுக்கிவிட்டாள். தினம் அதிலிருந்தே ஒரு புடவையை எடுத்து உடுத்துவாள், மறுநாள் துவைத்து உலர்த்தி அதற்குள்ளேயே வைப்பாள். பீரோவைத் திறப்பதில்லை. ஆறு மாசம் என்பதெல்லாம் வாய்வார்த்தை, போனால் வரமாட்டாள், அது மூன்று பேருக்கும் தெரியும்.

மோட்டார் ஓடட்டும், இன்னும் கொஞ்சம் ஓடட்டும், ஓடுகிற வரைக்கும் முடிவு என்று ஒன்று இல்லை. முப்பது வருஷம் நாசிலோடு குடும்பம் நடத்தியவர் அவர். மில்லில் நூல் அறாமல் இருக்கக் காற்றில் ஈரம் தெளிப்பார்களே, அந்தப் பிளாண்ட்டுக்கு அவர்தான் பொறுப்பு, எந்த நாசில் அடைத்திருக்கிறது என்று கீழே நின்று காதாலேயே சொல்லிவிடுவார். மில்லை மூடினார்கள், முப்பது வருஷச் சேவைக்கு என்று ஒரு வாட்ச்சைக் கையில் கட்டி அனுப்பினார்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று பின்பக்கத்து அறையில் பீர் போட ஆரம்பித்தார். வெளியே மூச்சு விடக் கூடாத சங்கதி, அதனால் வேலைக்காரி இல்லை, ஆள் இல்லை, யாரையும் உள்ளே விட முடியாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பழைய மில் ஆட்கள் மூன்று பேர் மட்டும் வருவார்கள், ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "ஒரு சொட்டுப் புளிப்பு இல்லீங்களே, எப்படிங்க திருமூர்த்தி" என்பார்கள். அவர் கையைப் பிசைந்துகொண்டு, "எல்லாம் கணக்குத்தான்" என்பார். என்ன கணக்கு, மண்ணாங்கட்டிக் கணக்கு. புளிப்பு வருவதும் வராததும் கழுவுகிற கையில் இருக்கிறது, உள்சுவரில் கண்ணுக்குத் தெரியாமல் வழவழவென்று ஒரு ஏடு படியும், அதில் நகக்கண் அளவு மிச்சம் விட்டாலும் அடுத்த ஐம்பது லிட்டரும் காடி. பிரஷ் போட்டால் தகட்டில் கீறல் விழும், கீறலுக்குள் போய் அது குடியிருக்கும். கைதான் வேண்டும், அதுவும் வெறும் கை, உறை போட்டால் வழவழப்புத் தெரியாது. டேங்க்குக்குப் படம் போட்டுக் கொடுத்தவர் அவர்தான், வாயை நாலு அங்குலம் என்று போட்டார். பட்டறைக்காரன், "சித்த பெருசா வெச்சுக்கலாமுங்களே, கை போறதுக்கு" என்றான். காற்று படப்படக் கெடும், உனக்கு என்ன தெரியும் என்று அவன் வாயை அடைத்தார். டேங்க் வந்த அன்றைக்கு அதே வாயில் கையை வைத்துப் பார்த்தார். வாட்ச்சுப் பட்டை ஓரத்தில் இடித்தது. "எனக்குப் போகலை, நீ விட்டுப் பாரு" என்றார். அவள் ஐந்து விரலையும் வளையல் போடுகிற மாதிரி கூட்டிக்கொண்டு உள்ளே விட்டாள், முழங்கைக்கு மேல் வரை போயிற்று. "உங் கை இதுக்குன்னே செஞ்ச கையாட்டம் இருக்குது போ" என்றார். அவள் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டாள். அதுதான், அந்தச் சந்தோஷம்தான் இப்போது நினைத்தால் பல்லில் சிக்கிய நார் மாதிரி தொந்தரவு செய்கிறது. பதினோரு வருஷம். மாசத்துக்கு இரண்டு தடவை. இத்தனைக்கும் அவள் ஒரு வாய் குடித்ததில்லை, நாற்றமே பிடிக்காது அவளுக்கு.

முதல் நாசில் சல்லடைக் கண் போட்ட ஒரு குண்டு. அதற்கு இந்த மோட்டாரின் தண்ணீர் காணாது, மூத்திரம் போகிற மாதிரி சொட்டிக்கொண்டு நின்றது, அது அவர் தப்பில்லை, சத்தியமாக இல்லை. "இது ஆகாது" என்றபோது அவருக்கு எவ்வளவு நிம்மதி, அதைக் குரலில் காட்டாமல் இருக்க எவ்வளவு பாடு! இரண்டாவது, குடை விரிகிற மாதிரி அடிக்கிற ரகம். அதற்குத்தான் அவள் ஒரு யோசனை சொன்னாள். தண்ணீர் எங்கே பட்டது, எங்கே படவில்லை என்று டார்ச் அடித்தாலும் தெரியவில்லை என்று இவர் சடைத்துக்கொண்டிருக்கும்போது, "உள்ளுக்கு மஞ்சளக் கரைச்சுப் பூசிப் பாருங்களே, சோடாத் தண்ணி பட்ட எடம் செவந்து கழுவிட்டுப் போயிரும், படாத எடம் மஞ்சளாவே நிக்கும், ஆரத்திக்குச் சுண்ணாம்பு போட்டாச் செவக்குதல்லங்க" என்றாள். அடேயப்பா. முப்பது வருஷ சர்வீசில் அவருக்குத் தோன்றாதது அடுப்படியில் நின்றவளுக்குத் தோன்றிவிட்டது. நாசில் நல்லபடியாக வேலை செய்ய வேண்டும் என்பதில் அவளுக்கு அவ்வளவு அக்கறை, கேட்டீர்களா? அவர் கடுப்போடு சரி என்றார். பூச்சு வேலையையும் அவள்தான் செய்தாள், வேறு கை உள்ளே போகாதே. மோட்டாரைப் போட்டார். போட்டுவிட்டு, அவள் அந்தப் பக்கம் திரும்பியபோது வால்வைக் கால் திருகு மூடினார். கால் திருகுதான். டேங்க் நடுவில் தெர்மாமீட்டர் குழாய் ஒன்று இறங்குகிறது, அதற்குப் பின்னால் இரண்டு விரல் அகலத்துக்கு மஞ்சள் அப்படியே நின்றது. "பாத்தியா, நிழல் விழுகுது" என்றார். அவள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஆமாங்க" என்றாள், இடது கையை உள்ளே விட்டுத் தேய்த்து எடுத்தாள். கால் திருகு இல்லாவிட்டாலும் அந்த நிழல் விழுந்துதான் இருக்கும். விழுந்துதான் இருக்கும். விழாமல் எங்கே போகும்?

இடது கை. வலது கை இப்போது வாய்க்குள் போகாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தப் பக்கத்து மார்பில் கட்டி என்று எடுத்தார்கள், அக்குளில் இருந்த நெறிக்கட்டுகளையும் சேர்த்தே எடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா ஒவ்வொன்றாகச் சொன்னார், இந்தக் கையில் ஊசி போடக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது, கீறல் ஆகாது, சோப்பு சோடாக் காரம் ஆகாது, பட்டால் வீங்கும், வீங்கினால் வடியாது. திருமூர்த்தி நாற்காலிக்குப் பின்னால் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார். கண் என்னவோ டாக்டரம்மாவின் மேசை மேல் இருந்த கைகழுவுகிற மருந்துப் புட்டியில் இருந்தது, அமுக்கினால் பீச்சுகிற அந்த மூடி, அதற்குள் என்ன ஸ்பிரிங் போட்டிருப்பான், எத்தனை மில்லி வரும் என்று. கேட்கவில்லை என்று பின்னால் சொன்னார். கேட்டது. ஒவ்வொரு சொல்லும் கேட்டது, இப்போதும் வரிசை தப்பாமல் சொல்வார். இரண்டாம் மாசம் டேங்க்கில் பழைய கசடு காய்ந்து நாற்றம் கண்டது. ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர் வாயைத் திறந்து கழுவு என்று சொல்லவில்லை, அப்படிச் சொல்கிற ஆள் இல்லை. டேங்க்கைச் சுற்றிச் சுற்றி வந்தார், மூக்கைப் பொத்தினார், "இதத் தூக்கிக் காயலாங்கடைக்குப் போட்றலாம், இனி யாரு கழுவறது" என்று அவள் காதில் விழுகிற மாதிரி சுவரிடம் சொன்னார். அவள் எழுந்து வந்தாள். தெர்மாமீட்டர் குழாய் விளிம்பு விரலில் கீறியது, சோடா பட்டது, மூன்றாம் நாள் காய்ச்சல், ஆஸ்பத்திரி, காய்ச்சல் விட்டது, வீக்கம் விடவில்லை. இன்றைக்கு அந்தக் கை அவர் தொடை அத்தனை இருக்கிறது. தோல் கலரில் இறுக்கமான உறை ஒன்றைப் பகலெல்லாம் மாட்டியிருக்கிறாள். ரவிக்கையின் ஒரு கையைப் பிரித்து அகலமாகத் தைத்திருக்கிறாள். எப்படி ஆச்சு என்று டாக்டரம்மா கேட்டபோது இவர் மறுபடியும் அந்த மருந்துப் புட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள், "பாத்தரம் கழுவுனனுங்க" என்றாள். பொய்யா சொன்னாள்? பாத்திரம்தானே. ஆனால் அன்றைக்கு அவள் அவரைப் பார்க்கவில்லை, அதற்குப் பிறகும் சரியாகப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால், ஒரு தடவை காறித் துப்பியிருந்தால், இவருக்கு எத்தனையோ சௌகரியமாக இருந்திருக்கும்.

இவள் போய்விட்டால். இதற்கு மேல் அவர் யோசனை போவதில்லை, அங்கேயே போய் முட்டி முட்டித் திரும்புகிறது. காலையில் அடுப்பு பற்ற வைக்கிற சத்தம் இருக்காது. குளியலறையில் வழுக்கி விழுந்தால் கேட்க ஆள் இருக்காது. சோற்றுக்கு ஹோட்டல் இருக்கிறது, துணிக்கு மெஷின் இருக்கிறது, இப்போது டேங்க்குக்கும் நாசில் வந்துவிட்டது, அப்படியென்றால் அவள் எதற்கு? தெரியாது, ஆனால் வேண்டும், இந்த வீட்டில் இருக்க வேண்டும், கண்ணில் படுகிற மாதிரி எங்காவது உட்கார்ந்திருந்தால் போதும். பயம். வேறு ஒன்றும் இல்லை, வெறும் பயம். இருந்துவிடு வசந்தாமணி என்று ஒரு வார்த்தை கேட்டால் என்ன? கேட்கலாம். கேட்டால் எதற்கு என்பாள். எதற்கு என்றால் மூன்று வருஷத்துக்கு முன்னால் இருந்து பேச வேண்டும். அதற்குப் பதில் நாசிலைக் குறை சொல்வது எவ்வளவோ சுலபம், அதில் அவர் படித்தவர், தேர்ந்தவர், அதில் அவரை எதிர்த்துப் பேச ஆள் கிடையாது.

பத்தே முக்காலுக்கு மோட்டாரை நிறுத்தினார். அதற்கு மேல் ஓட்டினால் அவள் வந்து கேட்பாள். நாசிலைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்தார். அடப்பாவி! சுவர் பளிச்சென்று இருந்தது, காலையில் அவள் பூசின மஞ்சளில் ஒரு பொட்டு இல்லை. குழாய்க்குப் பின்னாலும் இல்லை, மேல் வளைவில் இல்லை, அடிக்கூம்பில் இல்லை. அடியில் தேங்கின தண்ணீர்தான் ரத்தச் சிவப்பாக இருந்தது. இப்படி ஒரு நாசில் மில்லில் கிடைத்திருந்தால் தலையில் வைத்து ஆடியிருப்பார். ஜன்னலில் மஞ்சள் கரைத்த கிண்ணம் மிச்சத்தோடு இருந்தது. அதைப் பார்த்தார். டேங்க்கைப் பார்த்தார். சமையற்கட்டில் அவள் டப்பாக்களை மூடி வைக்கிற சத்தம் கேட்டது, ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், போகிறவள் மூடி வைக்கிற மாதிரி. யோசித்துச் செய்தார் என்று சொல்ல முடியாது, யோசித்திருந்தால் நன்றாகச் செய்திருப்பார். வாட்ச்சைக் கழற்றி ஜன்னலில் வைத்தார், சட்டையைச் சுருட்டினார், கட்டை விரலில் மஞ்சளை வழித்தார், உள்ளே விட்டார், குழாயைச் சுற்றிக் கொண்டுபோய் அதன் பின்பக்கத்துச் சுவரில் ஒரு இழுப்பு இழுத்தார், கையை எடுத்துவிட்டார். அரை நிமிஷம். சோடா ஈரம் தோலில் வழவழத்தது, பிறகு எரிந்தது. சட்டென்று இல்லை, மெள்ள ஏறி, மயிர்க்காலுக்கு மயிர்க்கால் எரிந்தது. இப்படியா எரியும்? மாசத்துக்கு இரண்டு தடவை இப்படியா? பழகியிருக்கும், பழகினால் தெரியாது என்று தனக்கே சொல்லிக்கொண்டு கையை உதறினார். இரண்டு விரல் அகலம் மஞ்சள், போன தடவை மாதிரியே, அதே இடம், அதே நிழல். இது போதும். மச்சான் வரட்டும், ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுத் தனியாகப் போகட்டும்.

"வசந்தாமணி! இங்க வா, இதப் பாரு. இதுவும் ஆகாது."

அவள் வந்தாள். நீலப் பையில் இருந்த கடைசிப் புடவையை, பச்சைக் கரை போட்டதை, உடுத்தியிருந்தாள், தலை வாரிப் பூ வைத்திருந்தாள். வாசலில் கார் வந்து நின்று ஹாரன் ஒரு தடவை அடித்தது.

"எங்கீங்க?" என்றாள்.

"அதே எடந்தான். கொழாய்க்குப் பின்னால. நிழல் விழுந்துருச்சு. சுத்துற நாசில் மட்டும் என்ன பண்ணும், கொழாய் குறுக்க நிக்குதல்ல."

டார்ச்சை இடது கையில் வாங்கிக் குனிந்தாள். நிறைய நேரம் பார்த்தாள். அவர் அவள் பின்னங்கழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், அவள் ஆமாங்க என்று சொல்வதற்காக. போன தடவை உடனே சொன்னாள்.

"செவப்பா இருக்குதுங்க" என்றாள்.

"என்னது?"

"மஞ்ச இல்லீங்க. செவந்திருக்குது. படாத எடம் மஞ்சளாத்தான நிக்கோணும்?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சுவர் முழுக்கச் சோடா ஈரம். நாசில் ஒரு இடம் விடாமல் அடித்து வைத்த ஈரம். அதன் மேல் மஞ்சளை வைத்தால் சிவக்காமல் என்ன செய்யும்? அடுப்படியில் நின்றவளுக்குத் தெரிந்தது, முப்பது வருஷ சர்வீசுக்கு இரண்டாம் தடவையும் தெரியவில்லை. சரி, பொய்தான், ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேள், கேட்டால் சொல்ல ஆயிரம் இருக்கிறது, நீ போகக் கூடாது என்றுதான் செய்தேன் என்றே சொல்லிவிடலாம், இப்போது சொல்லிவிடலாம், இதைவிட்டால் நேரமில்லை, நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்கை வரை நனைந்து, மயிரெல்லாம் தோலோடு ஒட்டி, சிவப்பும் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாக இருந்தது. பிறகு ஜன்னலில் இருந்த வாட்ச்சைப் பார்த்தாள். பிறகு டேங்க்கின் வாயைப் பார்த்தாள்.

"ஏனுங்க," என்றாள், பால்காரர் வந்துவிட்டாரா என்று கேட்கிற குரலில். "உங்க கை உள்ள போகுதுங்களா?"

அவர் நனைந்த கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அரை நிமிஷம் முன்னால் கைவிட்டு எடுத்தவருக்கு இது தோன்றவே இல்லை, சத்தியமாகத் தோன்றவில்லை, மஞ்சளிலும் நிழலிலுமே புத்தி நின்றுவிட்டது. வெயிட் வேறு ஏறியிருக்கிறது, பதினோரு வருஷத்தில் பத்துக் கிலோ.

"இல்ல, அது இன்னைக்கு... சோடா வழவழப்புல..." என்றார்.

"சரிங்க" என்றாள்.

டார்ச்சை அணைத்து ஜன்னலில் வாட்ச்சுக்குப் பக்கத்தில் வைத்தாள். வீங்கின கையால் கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, இடது கையில் பையை எடுத்தாள். "அம்மிணி, தேறிருச்சா?" என்று வாசலில் மச்சான் குரல் கேட்டது. "தேறிருச்சுங்கண்ணா, நல்லா வேல செய்யுது" என்றாள். மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மச்சான் சொன்னதும், வேண்டாமுங்க, அவருக்குக் கையில் வேலை இருக்கிறது என்று இவள் சொன்னதும் கேட்டது. கார்க் கதவு இரண்டு தடவை அடைபட்டது.

திருமூர்த்தி குழாயைத் திறந்து கை எரிச்சல் போகிற வரைக்கும் கழுவினார். துண்டில் துடைத்தார், நன்றாகத் துடைத்தார், வழவழப்பு துளியும் இல்லாமல் துடைத்தார். வாட்ச்சை எடுத்துக் கட்டிக்கொண்டார், முதல் நாள் கட்டியிருந்த அதே வாட்ச், அதே இரும்புப் பட்டை. கார் தெருமுனை திரும்புகிற சத்தம் கேட்டது. டேங்க்குக்கு முன்னால் வந்து நின்று, ஐந்து விரலையும் கூட்டி, வாய்க்குள் விட்டார். பட்டை ஓரத்தில் லேசாக உரசியது. வாட்ச்சோடு போயிற்று.